இரண்டு சீட்டுகள்

ஜூன் 30
பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு இன்னும் மூன்று நாள். பயிற்சியாளரான எனக்குச் சளி. நல்ல நேரம் பார்த்து வந்திருக்கிறது!

காலையில் பெண்களைப் பெனால்டி உதைக்க விட்டேன். தடுப்பாட்டக்காரி ஏணி (ஆறடி உயரம், வேறென்ன பெயர் வைப்பார்கள்?) ஐந்து உதைத்தாள். ஐந்தும் கோலுக்கு மேலே. கடைசிப் பந்து எங்கள் பஸ் கண்ணாடியைப் பதம் பார்த்தது.

"அக்கா, ஃபைனல்ல எனக்கும் ஒரு சான்ஸ் தாங்க."

"முதல்ல டிரைவருக்குப் பதில் சொல்லுடி."

ஜூலை 2
ஆட்டம் சமனில் முடிந்தால்? இரண்டு சீட்டு எழுதினேன். ஒன்றில் பெனால்டி உதைக்க வேண்டிய ஐந்து பேர். மற்றதில் செத்தாலும் உதைக்கக் கூடாத ஐந்து பேர், ஏணிக்கு முதலிடம். தலைப்பு போடவில்லை, பார்த்தால் மனசு உடைந்துபோவார்கள். இரண்டும் கோட்டுப் பையில்.

கோப்பை இல்லையென்றால் வேறு வேலை பார்க்கச் சொல்லிவிட்டார் சங்கத் தலைவர். வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன்: "தோத்துட்டு வந்தா வீட்டுக்குள்ள விடுவீங்களா?"

"உன்கிட்டதான் ஒரு சாவி இருக்கே. வெந்நீர் குடிச்சியா?"

ஜூலை 3
ஜெயிச்சுட்டோம்! ஜெயிச்சுட்டோம்! ஜெயிச்சுட்டோம்!

ஜூலை 4
இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

கூடுதல் நேரமும் முடிந்து ஒன்றுக்கு ஒன்று. கத்திக் கத்தி என் தொண்டையில் வெறும் காற்றுதான். சீட்டை எடுத்துத் துணைப் பயிற்சியாளரிடம் நீட்டி, படி என்று சைகை காட்டினேன்.

"முதல்ல ஏணி!" என்றார்.

அடக் கடவுளே, தப்பான சீட்டு! வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அதற்குள் ஏணி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் பல். அவள் நடந்து போனாள், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

உதைத்தாள். மேல்கம்பத்தில் இடித்து உள்ளே! ஏணியே போட்டுவிட்டாளே என்று மற்றவர்களுக்கும் தெம்பு வந்துவிட்டது. ஒருத்திதான் தவறவிட்டாள். எங்கள் கோல்கீப்பர் இரண்டைத் தடுத்தாள். நான்குக்கு மூன்று. புல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன், அதுவும் சத்தமில்லாமல்.

யாரும் எதிர்பார்க்காத வியூகமாம். தலைவர் என்னை மேதை என்கிறார்! தொண்டையைக் காட்டித் தப்பித்தேன்.

ஜூலை 6
வீடு. சீட்டு விஷயத்தை வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். சிரித்துச் சிரித்து மனுஷனுக்குப் புரையேறிவிட்டது.

ஜூலை 19
ஏணி வந்தாள், பதக்கத்தைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு. "என்னை நம்பினது நீங்க ஒருத்தர்தான் அக்கா." கண் கலங்கியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு சீட்டையும் எடுத்து முன்னால் வைத்து, உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தப்புன்னு தெரிஞ்சதுமே ஏன் நிறுத்தல?"

"தொண்டை போயிடுச்சேடி."

"கை இருந்துச்சே அக்கா."

மறுபடி தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். இத்தனைக்கும் தொண்டை இன்று நன்றாகத்தான் இருந்தது.