நாற்பத்தாறு நாளில் ஒரு மதகு

கோப்பாய்,
18.10.1992

அன்புள்ள மருமகன் யாகோப்புக்கு மாமா நீக்கிலாப்பிள்ளை எழுதுவது.

நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் ஒழுங்கையில் வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டிய புது மதகுக்கு மேலால் பஞ்சலிங்கத்தின் கார் போய்த் திரும்பி வந்தது. யாரும் சொல்லிக் கேட்டதல்ல, பின் ஆசனத்தில் நானே இருந்தேன். ஒரு பனங்குற்றியும் அசையவில்லை.

பழைய மதகு மே மாதம் உழவு இயந்திரத்தோடு இடிந்து விழுந்தது. மழை தொடங்கினால் அந்த வாய்க்காலில் இடுப்பளவு வெள்ளம் ஓடும். மகள் யசிந்தாவுக்கு நவம்பரில் பேறுநாள். கார் வீட்டடிக்கு வராவிட்டால் அவளைக் கதிரையில் வைத்துத்தான் தூக்கவேண்டும்.

காணிக்காரர் கதிரவேலர் ஒழுங்கையில் இருப்பவர்களைக் கூட்டி ஒரு சபை அமைத்தார். மழைக்கு முன் ஒரு கார் போகக்கூடிய மதகு, வேலை முடிந்ததும் சபை கலையும் என்று தீர்மானம். செவ்வாயில் தொடங்கமாட்டேன் என்று அவர் நின்றதால் செப்ரெம்பர் இரண்டு, புதன்கிழமை, மண் வெட்டினோம். ஞாயிறுகளில் நாங்கள் பூசைக்குப் போனோம். முன்பு மதகு கட்டியவர் ஒருவருமில்லை. யுத்தத்தால் சீமெந்துக்குத் தடை. கல், சுண்ணாம்பு, பனை, இவ்வளவுதான்.

கதிரவேலருக்கு ஆசை பெருகியது. பக்கத்தில் ஒரு கேணி, முகப்பில் ஒரு வளைவு என்றார். குருநகரில் வள்ளம் கட்டிய பிலிப்பு சுத்தியலைக் கீழே வைத்தான்.

"அண்ணை, பிள்ளை உங்கடை வளைவு முடியுமட்டும் பாத்துக்கொண்டு இராது. முதல் இதை முடிப்பம்."

அதோடு வளைவுப் பேச்சு நின்றது.

பிழையும் விட்டோம். வாய்க்காலை பிலிப்பு தன் கையால் எட்டு முழம் என்று அளந்தான். பனையைக் கதிரவேலர் தன் கையால் எட்டு முழம் அளந்து தறித்தார். பிலிப்பு நெடுவல், அவர் கட்டை. எல்லாக் குற்றியும் இரண்டு சாண் குறைவு. அன்று முழுக்க கதிரவேலர் மறுகரையில் தனியாக மண் வெட்டினார். பிலிப்பு இரு கரையிலும் கல்லை உள்ளுக்குக் கொண்டுவந்து அடுக்கிச் சரிக்கட்டினான். கதிரவேலரின் மனைவி குணலட்சுமி அளவுக்கு முடிச்சுப் போட்ட கயிறொன்றைக் கொண்டுவந்து, இனி ஆம்பிளையளின்ரை கை வேண்டாம், இது காணும் என்றா. முதலில் சிரித்தது கதிரவேலர்தான்.

சபை இன்னும் கலையவில்லை. நேற்றே கலைப்போம் என்றேன். யசிந்தா பிள்ளையோடு இதாலை திரும்பி வந்தால்தான் வேலை முடிஞ்சது என்கிறார் கதிரவேலர். மண்ணெண்ணெயில் ஓடும் காரை ஸ்ராட் பண்ண பஞ்சலிங்கம் அரைப் போத்தல் பெற்றோல் ஒதுக்கி வைத்திருக்கிறார். நவம்பர் பதினைந்தளவில் என்று மருத்துவிச்சி சொல்லுகிறா. மழையும் அதற்குள் வந்துவிடும்.

ஓகஸ்டுக்குப் பிறகு உம்மிடமிருந்து கடிதம் இல்லை. யசிந்தா தபால்காரர் வரும் நேரத்தில் வாசலைக் கூட்டுகிறாள். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளைக்கு ஒரு பெயர் எழுதி அனுப்பும். கடிதம் வர ஒரு மாதம் செல்லும், ஆகையால் கண்டவுடன் எழுதும். மாதா உமக்குத் துணை நிற்பாராக.

இப்படிக்கு,
மாமா
நீ. நீக்கிலாப்பிள்ளை