முரடனுக்கு இடைவெளி பார்ப்பவள்

மார்ச் 4, செவ்வாய்

முரடன் விற்பனைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. பழைய மேல்நாட்டு ஏடுகளில் பட்டைப் பேனாவால் எழுதியிருப்பார்களே, கறுகறுவென்று, முனை முனையாக, அந்தப் பாணியில் நம் உருண்டை எழுத்துகளை உடைத்து நான் வரைந்த எழுத்துரு. பெரிதாகப் போட்டால் மிரட்டுவான். சிறிதாகப் போட்டால் வெறும் கரிக்கட்டை. இன்று வாங்கியவர்கள்: ஒரு முடிதிருத்தகம், ஒரு உடற்பயிற்சிக் கூடம், ஒரு பல் டாக்டர். வாசலில் இந்த எழுத்தைப் பார்த்தபின் எவன் வாயைத் திறப்பான்?

மூக்கியிடம் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

மார்ச் 5, புதன்

பல வருஷம் ஒரே மேசை. நான் எழுத்தை வரைவேன்; எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு வெள்ளை விடுவது என்று அவள் பார்ப்பாள். திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிவாள், அதனால் நான் வைத்த பேர் மூக்கி. போன வருஷம் வருவதை நிறுத்திவிட்டாள். முரடனுக்கு நானே இடைவெளி விட்டேன். கண்றாவி.

போன் எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் அவள் அண்ணி கதவைப் பாதி திறந்து, தூங்குகிறாள் என்கிறாள். பட்டப்பகலில்?

மார்ச் 11, செவ்வாய்

ஒரு புகார் வந்திருக்கிறது. “உங்கள் எழுத்துருவில் ‘ட’ தன் காலை நீட்டிப் பக்கத்து ‘ப’ மேல் போட்டுக்கொண்டு தூங்குகிறார். கவனிக்கவும். இப்படிக்கு, ஒரு வாடிக்கையாளர்.”

தூங்குகிறார்! எழுத்துக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான். போன் எடுக்க மாட்டாளாம், புகார் மட்டும் எழுதுவாளாம். திமிர் பிடித்தவள். “தங்கள் புகாருக்கு நன்றி, ஆவன செய்கிறோம்” என்று பதில் போட்டேன்.

மார்ச் 20, வியாழன்

மூன்றாவது புகார். வந்த கையோடு திருத்திவிட்டேன். பதிலின் கடைசியில், “தாங்கள் நலமா?” என்று கேட்டேன்.

அதற்குப் பதில் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

கடைவீதியில் அச்சகக்காரரைப் பார்த்தேன். பாவம், என்னைக் கண்டாலே அவருக்குக் கண் கலங்கிவிடுகிறது.

மூக்கியின் கணவர் திடீரென்று போனபோது இரங்கல் அறிவிப்பை அச்சடித்தது அவர்தான். முரடன் அப்போது பாதி நிலையில் இருந்தான். போட்டுப் பாருங்கள் என்று அவரிடம் கொடுத்து வைத்திருந்தோம். “உங்க எழுத்தாச்சே, மரியாதையா இருக்கும்னு போட்டேன்மா” என்றார் அன்று. அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? சட்டைக்கு ஆகும், பத்திரிகைத் தலைப்புக்கு ஆகும், பாட்டுக் குழு விளம்பரத்துக்கு ஆகும் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து அத்தனை யோசித்தோம். அவ்வளவு கறுப்பையும் ஒருவர் துக்கத்துக்கு எடுப்பார் என்று தோன்றவே இல்லை.

அந்த அறிவிப்பு அவள் வீட்டு வாசலில் ஒட்டியிருந்தது. கணவர் பெயர் பெரிதாக, எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு. மூக்கி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். “இதுக்கு நான் இன்னும் இடைவெளி பாக்கவே இல்லையே” என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு அவள் மேசைக்கு வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

புகாரே காணோம். சொன்னதையெல்லாம் உடனுக்குடன் திருத்தித் தொலைத்தால் வேறு எதை எழுதுவாள்? எனக்கு மூளையே கிடையாது.

ஏப்ரல் 10, வியாழன்

ஒரு காரியம் செய்தேன். புதிய பதிப்பில் ‘க’வுக்கும் ‘ர’வுக்கும் நடுவில் பஸ் போகிற அளவு இடம் விட்டு வெளியிட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். பல் டாக்டர் கத்தினால் கத்தட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

முடிதிருத்தகக்காரர் போன் செய்தார். “மேடம், புதுசா அடிச்ச போர்டுல நடுவுல ஒரு எழுத்து உதிர்ந்துபோன மாதிரி இருக்கு” என்றார். மன்னிப்புக் கேட்டு அவருக்கு மட்டும் ரகசியமாகச் சரி செய்து அனுப்பினேன். ஊர் பேர் தெரியாத மனிதருக்கெல்லாம் கண்ணில் படுகிறது. அவளுக்குப் படாதா?

ஏப்ரல் 28, திங்கள்

ஏன்டி இப்படிப் பண்றே? திட்டவாவது திட்டேன். நீ இல்லாமல் எனக்கு இந்த அறை பிடிக்கவில்லை. நான் வரைந்த எழுத்துகளே பிடிக்கவில்லை.

மே 6, செவ்வாய்

“க-வையும் ர-வையும் வேணும்னே பிரிச்சு வச்சிருக்கே. வெக்கமா இல்ல? எதையும் தொடாதே. வியாழக்கிழமை வரேன்.”

வாடிக்கையாளர் என்ற கையொப்பம் இல்லை. பத்துத் தடவை படித்துவிட்டேன்.

மே 8, வியாழன்

வந்தாள். பாதியாக இளைத்திருக்கிறாள். எப்படி இருக்கே என்று கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

நான் ‘கர’வைத் திறந்து தயாராக வைத்திருந்தேன். அவள் அதை மூடினாள். தன் கணவர் பெயரைத் திரை நிறைய அடித்தாள். அன்று வாசலில் இருந்தபடியே, பழைய கோப்பில்.

“மொதல்ல இத முடிச்சிடறேன்.”

குனிந்தாள். ஒரு எழுத்தைத் தள்ளினாள், இழுத்தாள், மறுபடியும் தள்ளினாள். நடுவில் அழுதாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தாள். நான் வைத்த டீ ஆறி ஆடை கட்டியது.

சாயங்காலம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

“இப்பதான் அவர் பேரு மாதிரி இருக்கு, இல்ல?”

ஆமாம்டி என்றேன்.