எழுந்து நின்றவர்கள்

ஞாயிறு. காலையிலேயே வெயில்.

எட்டு மாதக் கர்ப்பிணியை மதியம்வரை வெயிலில் நிற்க வைத்தார் அந்த அதிகாரி. என் அக்கா கலாவை. அகதி முகாமில் இன்று செக்கிங். பெயர் கூப்பிட்டதும் எழுந்து, வரிசைக்கு வந்து, முகம் காட்ட வேண்டும். வராவிட்டால் பெயர் வெட்டு.

"அவுங்களுக்கு ஒரு சேர் போடுங்க சார்" என்றேன்.

"சிலோனுக்குப் போயி உக்காருங்க."

நான் பிறந்தது கடலூர் ஆஸ்பத்திரியில்.

"இந்தப் பிள்ளை முகாமில பிறக்கக் கூடாதப்பா" என்றாள் அக்கா. அப்பா இந்த முறை மறுக்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்குப் படகு இருக்கிறதாம்.

செவ்வாய். சிதம்பரம், பிறகு கிள்ளை. புழுக்கம்.

பஸ் ஸ்டாண்டில் அத்தான் வாங்கியது: பிஸ்கட், எலுமிச்சை, வாந்தி மாத்திரை, அக்காவுக்குப் பெரிய நைட்டி. போலீஸ் சந்தேகப்படாதபடி, கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்தி வரச் சொல்லியிருந்தான் படகோட்டி மணி. பிச்சாவரம் பக்கம், சுரபுன்னைக் காட்டுக்குள் படகு. முகாமிலிருந்து எங்களோடு நிறையப் பேர். மன்னாரில் மீன் பிடித்தவர் அப்பா. பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது இவ்வளவு சனம் தாங்காது."

"மாமா, நீ கடலப் பாத்து எத்தினி வருஷம் ஆச்சு? ஜாஸ்தி பேசாத, ஏறு. கடலுக்குள்ள பெரிய கப்பல் நிக்குது."

ஏறினோம்.

புதன். காற்று.

கப்பல் இல்லை. பொய். மணி போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடுகிறான்.

அத்தானுக்கும் எனக்கும் ஓயாத வாந்தி. "மீன்காரன் மகனும் மருமகனும், நல்ல வடிவு!" என்று அக்கா சிரிக்கிறாள்.

என்ஜின் இப்போது அப்பா கையில். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இப்படி நான் பார்த்ததே இல்லை. இந்த மனிதனை இத்தனை காலம் ஊரான் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க விட்டிருக்கிறார்கள்.

வியாழன்.

காலையில் ரோந்துக் கப்பல். மைக்கில் ஒரு குரல்: "எத்தனை பேரு? எல்லாரும் முகத்தக் காட்டு!"

எல்லோரும் எழுந்தோம். ஒரே பக்கம் வந்து வரிசை கட்டினோம். யாரும் யோசிக்கவில்லை. கால்கள் தாமாக எழுந்தன. அப்பா மட்டும் கத்தினார்: "குந்துங்கோ! எழும்பாதேங்கோ!"

படகு சாய்ந்தது. அக்கா சரிந்தாள். அவளைப் பிடித்து உள்ளே தள்ளினார் அப்பா. அவர் விழுந்தார்.

ஒருமுறை தலை தெரிந்தது. எங்களை ஏற்றிக்கொண்டு கப்பல் ஒரு சுற்று சுற்றியது. ஒரே சுற்று.

"அப்பா நல்லா நீந்துவார்." அக்கா இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளி. கடலூர் துறைமுகம். தூறல்.

ஷெட்டில் தரையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதே அதிகாரி. மறுபடி செக்கிங். போட்டோ எடுக்கிறவர்கள் வந்திருப்பதால் அக்காவுக்கு இன்று சேர் கிடைத்தது.

அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை.

"ஆப்சென்ட்டா?"

என் கால் எழப் பார்த்தது. அழுத்தி உட்கார்ந்தேன்.

"கடல்ல இருக்காரு. தேட ஒரு படகு அனுப்புங்க. இப்பவே அனுப்புங்க சார்."

அடுத்த பெயரைக் கூப்பிட்டார். என் பெயர்.