வெள்ளைத் தரையில் சிவப்புப் பாதம்

அன்புள்ள அம்மாவுக்கு கமல் வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? எனக்கு அசதி தவிர வேறு குறையில்லை.

துபாயில் ஒரு வீட்டு ஹால் சுவர் முழுக்கச் சிவப்பு பெயிண்ட் அடிக்கிறோம். நேற்று சிவப்பு விளக்கும் மாட்டிவிட்டார்கள். உள்ளே போனதும், நம் வீட்டு மாதா படத்துச் சிவப்பு பல்பு முன்னால் நிற்கிற மாதிரி, என்னையறியாமல் ஷூவைக் கழற்றிவிட்டேன். வெறுங்காலோடு பெயிண்ட் தட்டை மிதித்து, வெள்ளைத் தரையெல்லாம் என் பாதம்.

“இன்னாபா, கோயிலுக்கா வந்துக்கிற?” என்று தென்னேரி ஊர்க்கார மேஸ்திரி ராமராஜன் சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. துடைத்துத் துடைத்து இடுப்பு விட்டுப்போனது. வேலை போகவில்லை, பயப்படாதே.

நம் பல்பு எரிகிறதா? பீஸ் போயிருந்தால் தங்கச்சி ஏஞ்சலிடம் சொல்லி வேறு வாங்கு, சிவப்பே வாங்கு. எங்கள் அறையில் டியூப்லைட்தான். படுக்கும் முன் எனக்கும் சேர்த்து நம் சிவப்பு பல்பு முன்னால் கொஞ்சம் நில்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

கமல்