பிரிட்ஜைக் கொடுத்துவிடாதே

சிந்தாமணி,

பதினோரு மணிக்குக் கடை வண்டி பிரிட்ஜை எடுத்துப்போக வரும். கொடுத்துவிடாதே. வரச் சொன்னது நான்தான். வேண்டாமென்று சொல்லலாம் என்றால் கடையில் போனை எடுக்க ஆளில்லை.

பிளாஸ்டிக் உறையைக் கிழித்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் சொன்னாரே, அதனால் விடிந்ததும் கீழ்க்கதவு உறையை உரித்துவிட்டேன். இனி நானே நினைத்தாலும் அனுப்ப முடியாது.

ஓரமெல்லாம் டேப் பசை பிசுபிசுவென்று நின்றது. படகுக்கு ஊற்றுகிற டீசலைத் துணியில் தொட்டுத் துடைத்தேன். பசை போய்விட்டது, வாடை போகவில்லை. “தேங்காயெண்ணெய் போதுமேண்ணா” என்று பக்கத்து வீட்டு அனிதா சிரிக்கிறாள். ஜன்னலைச் சாத்தாதே, அடுப்பைப் பற்றவைக்காதே. இட்லி வாங்கி மூடி வைத்திருக்கிறேன்.

“கடல்காரன் வூட்ல ஐஸ் பெட்டி இன்னாத்துக்குடி, நேத்து மீன் தின்னவா?” என்று முந்தாநாள் நான் கத்தியது தப்புதான். “தூக்கினு போவச் சொல்லு. இனிமே உன்னாண்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றாய். நேற்று கிருமாம்பாக்கத்தில் மீன் விற்றுவிட்டு வந்து, கூடையை இறக்கின கையோடு பிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து நின்றபடியே குடித்து முடித்தாய். வாசலிலிருந்து பார்த்தேன்.

வலையைச் சரிபண்ணக் கரைக்குப் போகிறேன். மதியம் வந்துவிடுவேன்.

தேவநாதன்

வண்டிக்காரன் மல்லுக்கு நின்றால், “உரிச்ச ஆளு கரையில இருக்கு, அங்க போய் கேளு” என்று சொல்.

மேல்கதவு உறையை நான் தொடவில்லை. புதுச் சாமானை உரிக்கிற சந்தோஷம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டால் எப்படி? அதை நீ உரி.