தேங்காய் எண்ணெய் போட்ட ரப்பர் உறை

கொல்லம் 1130 ஐப்பசி 9

காரின் ஸ்டியரிங் கம்பியை மூடுகிற ரப்பர் உறை இரண்டும் கெட்டுவிட்டன. ஆடியில்தான் புதிதாக மாட்டினோம். தக்கலை மெக்கானிக் இன்று வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "யாரு இதுல எண்ணெய் போட்டது? ரப்பர் ஊதிக் கிழிஞ்சாச்சு. உள்ள முழுக்க மண்ணு. வளைவுல வண்டி திரும்பாது" என்றார்.

போட்டது காரை ஓட்டுகிற என் கொழுந்தன். வாரந்தோறும் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார்.

"செருப்புக்குப் போடுகோம்லா மைனி, இதுவும் மெத்துன்னு இருக்கட்டும்னு..."

"உம்ம மண்டையில தேச்சிருக்கலாம். அங்கயாவது நாலு முளைச்சிருக்கும்" என்றேன். மெக்கானிக் சிரித்தார். கொழுந்தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

பேத்திக்கு மாசம் நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் குளத்தங்கரை வளைவு. "மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது மைனி" என்கிறார். அவர் அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது, வைத்தியரைக் கூப்பிடப் போன இவர் வழியில் கூத்துப் பார்த்து நின்றார். அன்றும் ஒன்றும் ஆகாது என்றுதான் சொன்னார். நான் தாலியறுத்தேன்.

வலி கண்டால் வில்வண்டி பூட்டச் சொல்லியிருக்கிறேன். கார்ச் சாவி என் மடியில் இருக்கிறது. விடிந்ததும் கேட்டு வருவார். வரட்டும்.