நிலாவுக்குக் கீழே பச்சை வெளிச்சம்

ஜனவரி 28, புதன்

நாத்தனார் மாடியிலிருந்து எடுத்த நிலாப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார். நிலாவுக்குக் கீழே இரண்டு பச்சை வெளிச்சங்கள். வேற்றுக் கிரகத்து ஆட்கள் வந்து இறங்குகிறார்களாம். இவர் உடனே, எல்லாம் கேமரா செய்கிற வேலை என்று பதில் போட்டார். ஆபீஸ் சீலிங்கைப் பார்ப்பவனுக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் எழுத, நாள் முழுக்க இதே கச்சேரி.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கள் பெண் சுண்டெலியின் முதல் பிறந்தநாள் படத்தில், அவளது இடது கண்ணுக்குள் ஒரு வெள்ளை வெளிச்சம். இணையத்தில் தேடித் தொலைத்துவிட்டேன். கட்டியாகக்கூட இருக்கலாமாம். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடுமோ? கேமரா செய்த வேலையாகவே இருக்கட்டும் — இரண்டும்.

ஜனவரி 30

எதற்கும் குரல் உயர்த்தாத மனுஷன், சாப்பிடும்போதுகூட அக்காவோடு மல்லுக்கு நிற்கிறார்.

ஜனவரி 31, சனி

நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டார். சாயங்காலம் எல்லோரும் மாடியில். இவர் கைபேசியை மெல்லத் திருப்ப, திரையில் நிலா ஒரு பக்கம் நகர்ந்தது, பச்சைப் புள்ளிகள் எதிர்ப்பக்கம் ஓடின. அப்புறம் நிலாவைக் கையால் மறைத்தார். புள்ளிகளையும் காணோம்.

"இப்ப சொல்லு. எங்கே போனாங்க உன் ஆளுங்க?"

"கூச்ச சுபாவம் போலிருக்குடா" என்றார் நாத்தனார், அசராமல்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேமரா பொய் சொல்லும்!

பிறகு —

சுண்டெலி தூங்கியதும் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். கேமரா நிலாவுல பொய் சொன்னா கண்ணுலயும் பொய்தான்னு யாருடி சொன்னது உனக்கு? நிலாவைக் கை வச்சு மறைச்சுப் பார்த்தாச்சு. இதை?

பிப்ரவரி 1

சொல்லிவிட்டேன். படத்தை நீட்டினேன்; இவர் வாங்கவே இல்லை.

"நானும் அன்னிக்கே பார்த்தேன். கேமராவா இருந்துடணுமேன்னுதான்..."

இதற்காகவா அக்காவோடு அத்தனை சண்டை? நாளைக்குக் காலையில் கண் டாக்டர்.

பிப்ரவரி 2

சொட்டு மருந்து விட்டதும் சுண்டெலி ஊரைக் கூட்டிவிட்டாள். டாக்டர் நிதானமாகப் பார்த்தார். கட்டி கிட்டி ஒன்றுமில்லை. அவள் பக்கவாட்டில் பார்த்தபோது ஃபிளாஷ் பட்டுத் திரும்பிய வெளிச்சமாம். ஆனாலும் கொண்டுவந்து காட்டியதுதான் சரி என்றார். கிளம்பும்போது சுண்டெலி அவருடைய டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு கொடுக்காமல் அடம்பிடித்தாள்.

பிப்ரவரி 25

நாத்தனாரிடமிருந்து புதுப் படம். இப்போது மூன்று வெளிச்சங்கள். இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தார். இவர் சுண்டெலியை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார்:

"இருந்தாலும் இருக்கும், அக்கா."